பதினொன்றரை மணி ஆறு

பல்கலைக்கழகத்தில் என் இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்தின் பதினேழாவது ஸ்லைடில் ஒரு சிவப்புத் திட்டு இருந்தது. பழுப்பு நிறத்தில் வளைந்து போகும் கிள்ளான் ஆறு. அதன் இடது கரையை ஒட்டி ஏழெட்டு சதுரங்கள் மட்டும் சிவப்பு. 'கண்டறியப்பட்ட நெகிழிக் குப்பை' என்று மேலே மலாயில் தலைப்பு. மதிப்பீட்டாளர்களில் ஒருவர், "இது எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டார். நான் லேசர் புள்ளியைச் சதுரங்களிலிருந்து கொஞ்சம் நகர்த்தி, கரையில் தெரிந்த தகரக் கூரைகள்மேல் வைத்தேன். "இந்தக் குடியிருப்பிலிருந்து." அவர் தலையசைத்தார். எனக்கு ஏ கிடைத்தது.

அந்த வருடத் தீபாவளிக்கு மாமா வீட்டுக்குப் போனபோது அதே ஸ்லைடைக் கைப்பேசியில் காட்டினேன். பெருமைதான், வேறென்ன. மாமா ஒரு குத்தகையாளரிடம் ஆற்றுக் குப்பை அள்ளும் படகில் வேலை செய்பவர். படத்தை விரலால் பெரிதாக்கினார், சின்னதாக்கினார், போனைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார்.

"இது நம்ம பழைய கம்பம்டா."

"ஆமா மாமா, அதுக்குப் பக்கத்துலதான்."

"இங்கதானே லாக் பூம் கட்டி இருக்காங்க. மேல இருந்து வர்ற சம்பா எல்லாம் இங்க வந்துதான் நிக்கும். நாங்கதானே தெனமும் அள்ளுறோம். நீ என்ன, இவங்க போட்டதுன்னு எழுதி வச்சிருக்க?"

லாக் பூம் என்பது ஆற்றின் குறுக்கே மிதவைகளைக் கோத்துக் கட்டும் தடுப்பு. அகலம் ஒரு மீட்டர்கூட இருக்காது. நான் பயன்படுத்திய படத்தில் ஒரு சதுரத்தின் பக்கம் பத்து மீட்டர். அந்தத் தடுப்பு என் படத்தில் தெரியவே தெரியாது. தெரிந்தது குப்பையும் கூரையும் மட்டும். நடுவில் இருந்த காரணம் காணாமல் போய்விட்டது. அந்த இடத்தை நானே ஒரு கதையால் நிரப்பிக்கொண்டேன்.

இந்த இதழில் சிறுகதைகளுக்கு விமர்சனம் வருகிறது, நாவல்களுக்கு வருகிறது, எப்போதாவது சினிமாவுக்கு வருகிறது. செயற்கைக்கோள் படத்துக்கு யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. அது பிரதி இல்லை, ஆதாரம் என்று நினைக்கிறோம். ஆறு வருடமாக இப்படங்களோடு புழங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இவற்றுக்கும் ஒரு கதைசொல்லி உண்டு. அந்தக் கதைசொல்லி எங்கே நிற்கிறார், எத்தனை மணிக்கு வருகிறார், எதைப் பார்க்க முடியாதவர் என்று கேட்காமல் வாசித்தால் நான் செய்த தப்பைத்தான் எல்லாரும் செய்வார்கள்.

முதலில் கதைசொல்லியை அறிமுகப்படுத்திவிடுகிறேன். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-2. ஒன்று 2015இல் ஏவப்பட்டது, அதன் இரட்டை 2017இல். சுமார் 786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. பதின்மூன்று அலைவரிசைகளில் பூமியைப் பார்க்கின்றன. நான் ஆய்வு செய்த காலத்தில் இரண்டும் சேர்ந்து ஐந்து நாளைக்கு ஒருமுறை நம் தலைக்கு மேல் வந்துபோயின. படங்கள் இலவசம். காசில்லாத மாணவனுக்கு அது பெரிய விஷயம். எங்கள் ஆய்வகத்தில் ஏசி குளிரில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு கிள்ளான் ஆற்றின் மூன்று வருடத்தையும் நான் பார்த்துவிட்டேன். ஒருமுறைகூட ஆற்றங்கரைக்குப் போகவில்லை. எல்.ஆர்.டி.யில் போனால் அரை மணி நேரம்.

இந்தக் கருவியை வைத்துத் தண்ணீரில் பிளாஸ்டிக்கைத் தேடும் முறைக்கு மிகவும் பேசப்பட்ட கட்டுரை ஒன்று உண்டு. லாரன் பியர்மனும் சகாக்களும் 2020இல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வெளியிட்டது. அதன் யோசனை அழகானது. தண்ணீர் அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். அந்த அலைவரிசையில் கடல் ஏறக்குறைய கறுப்பாகத் தெரியும். மேலே எது மிதந்தாலும் அந்தக் கறுப்பில் கொஞ்சம் வெளிச்சம் கூடும். பக்கத்து அலைவரிசைகளை வைத்து இங்கே எவ்வளவு வெளிச்சம் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, அதைவிட எவ்வளவு கூடுதலாக இருக்கிறது என்று பார்க்கிறார்கள். இதற்கு மிதக்கும் குப்பைக் குறியீடு என்று பெயர். மிதப்பது செடியா வேறெதுவுமா என்பதைத் தாவரக் குறியீட்டோடு ஒப்பிட்டுப் பிரிக்கிறார்கள். கானா, வியட்நாம், ஸ்காட்லாந்து, கனடா ஆகிய நான்கு இடங்களின் கடலோர நீரில் சோதித்து, சராசரியாக 86 விழுக்காடு துல்லியம் என்று எழுதினார்கள்.

நான் அந்த 86ஐ மட்டும் எடுத்துக்கொண்டேன். கட்டுரையின் தலைப்பிலேயே 'கடலோர நீர்' என்று இருந்ததை எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கவிதையின் கடைசி வரியை மட்டும் ஸ்டேட்டஸில் போடுகிற வாசகனுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கடல் கறுப்பாக இருக்கும், சரி. கிள்ளான் ஆறு எப்போது கறுப்பாக இருந்தது? கோம்பாக்கும் கிள்ளானும் மஸ்ஜிட் ஜாமெக் பக்கத்தில் சேருகிற இடத்துக்குத்தான் கோலாலம்பூர் என்று பேர். சேறு கலந்த சங்கமம். அந்தச் சேறு அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். மழைக்கு மறுநாள் வண்டல் கூடினால் இன்னும் அதிகமாக அனுப்பும். குறியீடு தேடுகிற 'கொஞ்சம் கூடுதல் வெளிச்சம்' ஆறு முழுக்க இருக்கிறது. நகரத்துக்கே பெயர் வைத்த சேற்றை என் நிரல் குப்பை என்று படித்தது.

அடுத்தது அகலம். நகரத்துக்குள் ஆற்றின் அகலம் சில சதுரங்கள்தான். அதிலும் குறியீட்டுக்குத் தேவையான குற்றலை அகச்சிவப்பு அலைவரிசைக்குப் பத்து மீட்டர்கூடக் கிடையாது, இருபது மீட்டர். அந்தச் சதுரத்தில் பாதி தண்ணீர், கால்வாசி சிமெண்டுக் கரை, மிச்சத்தில் கரையோரப் புல், நடுவில் எங்கோ நாலு மினரல் வாட்டர் போத்தல். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தரும். அந்த எண்ணைப் பார்த்து 'பிளாஸ்டிக்' என்று சொல்வதற்கு நிறைய தைரியம் வேண்டும். இருபத்து மூன்று வயதில் எனக்கு இருந்தது.

பிறகு ஆகாயத்தாமரை. மாமா அந்தத் தீபாவளியிலேயே சொன்னார், தடுப்பில் நிற்பதில் பாதிக்குமேல் செடிதான் என்று. ஆகாயத்தாமரை, மூங்கில், வாழைத்தண்டு, மரக்கிளை. பிளாஸ்டிக் அவற்றுக்குள் சிக்கி, அவற்றோடு சேர்ந்து மிதக்கிறது. தனியாகப் பிளாஸ்டிக், தனியாகச் செடி என்று பிரிக்கும் எங்கள் வகைப்பாட்டுக்கு இந்தக் கூட்டு வாழ்க்கை புரிவதில்லை. ஆகாயத்திலிருந்து பார்க்கும் கருவியை ஏமாற்றும் செடிக்கு ஆகாயத்தாமரை என்று நம்மாட்கள் பேர் வைத்திருக்கிறார்கள். இதை ஆய்வேட்டில் எழுத முடியாதே என்று எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

இவை எல்லாம் தொழில்நுட்பக் குறைகள். காலப்போக்கில் சரியாகும், கூர்மையான வணிகச் செயற்கைக்கோள்கள் இப்போதே இருக்கின்றன. எனக்கு அதைவிடப் பெரிய சிக்கலாகப் படுவது நேரம்.

சென்டினல்-2 சூரியனோடு கூட்டு வைத்திருக்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரின் சூரிய நேரப்படி காலை பத்தரை மணி அளவில் கடக்கும்படி அதன் பாதை அமைக்கப்பட்டிருக்கிறது. நம் கடிகாரம் சூரியனைவிட முன்னால் ஓடுகிறது. 1982இல் தீபகற்ப மலேசியாவின் நேரத்தை சபா, சரவாக்கோடு பொருத்துவதற்காக அரை மணி முன்னால் தள்ளினார்கள். ஏற்கெனவே இருந்த வித்தியாசத்தோடு இதுவும் சேர்ந்துவிட்டது. ஆகவே கோலாலம்பூருக்கு மேல் அது வரும்போது நம் கைக்கடிகாரத்தில் பதினொன்றரை, பதினொன்றே முக்கால். எப்போதும் அதே நேரம். அதன் ஆயுளில் ஒருமுறைகூடக் கிள்ளான் ஆற்றின் மாலையைப் பார்த்ததில்லை.

இங்கே வளர்ந்த யாருக்கும் மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. நம் மழை மாலை மழை. மூன்று மணிக்கு வானம் இருட்டும், நாலு மணிக்குக் கொட்டும், ஐந்தரைக்கு ஜாம். அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் லோங்காங்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயைத் திறக்கும். பாசார் மாலாமில் விட்ட பை, மாமாக் கடைக்குப் பின்னால் போட்ட ஸ்ட்ரோ, யாரோ பால்கனியில் காயப்போட்ட சட்டையின் ஹேங்கர், எல்லாம் ஆற்றுக்கு வரும். தண்ணீர் ஏறும், ஏறின வேகத்திலேயே இறங்கும். மறுநாள் காலை பதினொன்றரைக்குச் செயற்கைக்கோள் வரும்போது ஆறு சாதுவாகப் போய்க்கொண்டிருக்கும். அதுவும் வானம் தெளிவாக இருந்தால். மேகம் இருந்தால் வெள்ளைதான். என் மூன்று வருடப் படங்களில் பெரும்பாலானவற்றை மேகத்துக்காகவே கழித்துப்போட்டேன். ஆய்வேட்டில் அதற்கு 'தரவுச் சுத்திகரிப்பு' என்று பெயர். உண்மையில் நான் கழித்தது மழைக்காலத்தை. கிள்ளான் ஆற்றின் குப்பை பற்றிய ஓர் ஆய்விலிருந்து மழைக்காலத்தைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குத் துல்லியம் கணக்கிட்டேன்.

2021 டிசம்பர் 18ஆம் தேதி வாரக்கடைசி ஞாபகம் இருக்கும். ஷா ஆலாமில் தாமான் ஸ்ரீ மூடா கூரைவரை முங்கியது. தண்ணீர் வடிந்தபின் தெருத்தெருவாக மெத்தை, சோபா, ஐஸ்பெட்டி, பள்ளிப் புத்தகம் என்று குவிந்து கிடந்தன. ஆற்றுக்குள் போனது எவ்வளவு? மேலே அடர்ந்த மேகம். அந்தக் கதையில் நம் கதைசொல்லி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

ஆக, இப்படம் ஆற்றில் ஓடும் குப்பையைக் காட்டுவதே இல்லை. நின்ற குப்பையைக் காட்டுகிறது. மழையில்லாத காலையில், போதிய அளவு சேர்ந்து, ஓரிடத்தில் அடைத்து நிற்கும் குப்பையை. நின்ற இடத்தைத்தான் நான் போட்ட இடமாக வாசித்தேன். என் ஸ்லைடின் குற்றம் அதுதான்.

நின்ற குப்பையைப் பார்ப்பதில் இது வல்லவன் என்பதையும் சொல்ல வேண்டும். பொஸ்னியாவில் விசெகிராட் என்ற ஊர். இலக்கிய வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும்: இவோ ஆண்ட்ரிச்சின் 'திரினா ஆற்றுப் பாலம்' நாவல் நடக்கும் ஊர். அந்தப் பாலம் பதினாறாம் நூற்றாண்டில் கட்டப்பட்டது, இன்றும் நிற்கிறது. அதே ஊரில், நீர்மின் அணைக்கு மேலே, ஆற்றின் குறுக்கே ஒரு குப்பைத் தடுப்பு. ஒவ்வொரு குளிர்காலத்திலும் மழைக்கும் வெள்ளத்துக்கும் பிறகு மேல்நிலத்திலிருந்து, மாண்டினீக்ரோ, செர்பியா, பொஸ்னியா மூன்று நாட்டுக் குப்பையும் வந்து அங்கே தீவாக அடைகிறது. போத்தல், டிரம், மரக்கட்டை, பழைய பிரிட்ஜ். அவ்வளவு பெரிய தீவு செயற்கைக்கோளுக்குத் தெரிகிறது. 2022இல் வெளியான ஓர் ஆய்வு, மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ராடாரை வைத்தே இங்கே குப்பைத் தீவுகளைக் கண்காணிக்கலாம் என்று காட்டியது. ராடாருக்கு அது பிளாஸ்டிக் என்று தெரியாது. தண்ணீரின் மட்டமான முகத்தில் ஏதோ கரடுமுரடாக இருக்கிறது என்று தெரியும். ஆனால் அங்கே என்ன சேர்கிறது என்பது ஊருக்கே தெரியும் என்பதால் அதுபோதும்.

இந்த உதாரணத்தை நான் திரும்பத் திரும்ப நினைப்பதற்குக் காரணம், அங்கே குப்பை விசெகிராட்காரர்களுடையது என்று ஆய்வாளர்கள் யாரும் சொல்வதில்லை. நின்ற இடம் வேறு, வந்த இடம் வேறு என்பது முதல் பத்தியிலேயே வந்துவிடுகிறது. மூன்று நாடுகள் சம்பந்தப்பட்டால் அந்தக் கவனம் தானாக வருகிறது. ஒரு தகரக் கூரைக் கம்பம் சம்பந்தப்பட்டால் வருவதில்லை.

இனி இன்னொரு பிரதி. இது செயற்கைக்கோள் படம் இல்லை, ஆனால் அதன் முகத்தை மாட்டிக்கொண்டு திரிவது. தி ஓஷன் கிளீனப் அமைப்பின் லாரன்ஸ் மெய்ஜரும் சகாக்களும் 2021இல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் எழுதிய கட்டுரையும், அதையொட்டி வந்த உலக வரைபடமும். இருண்ட பூமி உருண்டை, அதன் கரைகள் முழுக்க வட்டப் புள்ளிகள். சுழற்றி, பெரிதாக்கி, ஒவ்வோர் ஆறாகப் பார்க்கலாம். அந்தப் பட்டியலில் மணிலாவின் பாசிக் முதலிடம். நம் கிள்ளான் நான்காம் இடம். நாடுகளில் பிலிப்பைன்ஸ், இந்தியாவுக்கு அடுத்து மலேசியா மூன்றாவது. இந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் வாட்சாப் குழுக்களில் எவ்வளவு சுற்றியது என்று நினைவிருக்கலாம். 'செயற்கைக்கோளில் கண்டுபிடித்துவிட்டார்கள்' என்ற வாசகத்தோடு.

யாரும் எதையும் மேலேயிருந்து கண்டுபிடிக்கவில்லை. அது ஒரு கணிப்பு மாதிரி. ஓரிடத்தில் எவ்வளவு குப்பை சரியாகக் கையாளப்படாமல் விடப்படுகிறது, அங்கே எவ்வளவு மழை, எவ்வளவு காற்று, நிலம் எப்படிப்பட்டது, பக்கத்து ஆறு எவ்வளவு தூரம், அங்கிருந்து கடல் எவ்வளவு தூரம் என்பவற்றைக் கொண்டு, அக்குப்பை கடலைச் சேர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுகிறது. நான்கு வருடம் முன்பு, 2017இல், வேறோர் ஆய்வு பத்துப் பெரிய ஆறுகளே 88 முதல் 95 விழுக்காட்டைக் கடலுக்குக் கொண்டுபோகின்றன என்றது. 2021இன் கணக்கில் 80 விழுக்காட்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகள் தேவைப்பட்டன. கடலோர நகரங்களின் ஊடாக ஓடும் சின்ன ஆறுகள் மேலே வந்தன. ஆறுகள் நான்கு வருடத்தில் மாறவில்லை. மழையையும் தூரத்தையும் கணக்கில் சேர்த்ததும் கதை மாறியது. இரண்டாவது கணக்கு முதலாவதைவிட நல்ல கணக்கு என்றே நினைக்கிறேன். என் புகார் வரைபடத்தின் மீது. கட்டுரை நெடுக இருக்கும் 'வாய்ப்பு' என்ற சொல் வரைபடத்தில் புள்ளியாகிவிடுகிறது. புள்ளி சந்தேகப்படுவதில்லை.

அந்தக் கணிப்பைச் சரிபார்க்க அவர்கள் பயன்படுத்தியவற்றில் எனக்கு மிகப் பிடித்த தரவு ஒன்று உண்டு. ஆட்கள் பாலத்தின் மேல் நின்று எண்ணியது. டிம் வான் எமெரிக் போன்ற ஆய்வாளர்கள் ஐரோப்பாவிலும் மலேசியா உட்பட ஆசிய நாடுகளிலும் இதைச் செய்திருக்கிறார்கள். பாலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் சில நிமிடம் கீழே குனிந்து, மிதந்துபோகும் பிளாஸ்டிக்கை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற கருவிகளின் காலத்தில், கடைசியில் ஒரு ஆள் கைப்பிடிச்சுவரில் சாய்ந்து நிற்க வேண்டியிருக்கிறது. எங்கள் துறையில் 'கிரவுண்ட் ட்ரூத்' என்பார்கள்: தரையில் போய்ப் பார்த்த உண்மை. என் ஆய்வேட்டில் அந்தத் தலைப்பில் ஒரு பக்கம் இருந்தது. கூகுள் எர்த்தில் பார்த்ததை அதில் எழுதியிருந்தேன்.

கிள்ளானில் 2019 முதல் அதே அமைப்பின் இன்டர்செப்டர் ஒன்று நிற்கிறது. சூரிய சக்தியில் ஓடும் வெள்ளைப் படகு. நீண்ட மிதவைக் கையால் குப்பையை வழிமறித்துத் தன் வாய்க்குக் கொண்டுவந்து, பெல்ட்டில் ஏற்றித் தொட்டியில் கொட்டும். நாளுக்கு 50,000 கிலோ வரை அள்ள முடியும் என்பது வடிவமைத்தவர்கள் சொல்லும் கணக்கு. மாமாவிடம் அதைப் பற்றிக் கேட்டேன். கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். "நல்ல மெஷின்டா. வேலை சுளுவு. ஆனா அது கீழ நிக்குது, நான் மேல நிக்கிறேன், எனக்கும் மேல கேஎல் நிக்குது" என்றார். என் மூன்று வருடத் தரவைவிட அந்த வாக்கியத்தில் ஆற்றின் அமைப்பு தெளிவாக இருந்தது.

செயற்கைக்கோளை ஆற்றுக்குள் எட்டிப் பார்க்கவிடாமல், கரைக்கும் அதைத் தாண்டிய நிலத்துக்கும் திருப்பினால் என்ன என்று யோசித்தவர்களும் இருக்கிறார்கள். 2022இல் மிண்டெரூ அறக்கட்டளை வெளியிட்ட குளோபல் பிளாஸ்டிக் வாட்ச் அதைத்தான் செய்கிறது. அதே சென்டினல்-2, அதே பத்து மீட்டர். ஆனால் தேடுவது நிலத்தில் குவிந்திருக்கும் குப்பைமேடுகளை. மேடு நகராது. மேகம் விலகும்வரை காத்திருக்கலாம். மாதக்கணக்கில் படங்களை அடுக்கிப் பார்க்கலாம். அது எந்த நீர்நிலைக்கு எவ்வளவு பக்கம் என்று அளக்கலாம். கருவியின் சுபாவத்துக்கு ஏற்ற வேலையைக் கருவிக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

நம் நாட்டுக்கு இது சும்மா விஷயம் இல்லை. 2018 தொடக்கத்தில் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் குப்பைக்குக் கதவைச் சாத்தியபோது அது எங்கே வந்தது என்று கோல லங்காட் பக்கத்து ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். ஜெஞ்சாரோமில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உரிமமில்லாத தொழிற்சாலைகள். ராத்திரியில் எரிக்கிற நாற்றம். ஊர்க்காரர்கள் மூக்கால் கண்டுபிடித்துப் புகார் கொடுத்து, பிறகே அதிகாரிகள் வந்தார்கள். 2019 மே மாதம் அன்றைய அமைச்சர் இயோ பீ யின் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர்களைத் திறந்துகாட்டி, 3,000 டன்னைத் திருப்பி அனுப்பப்போவதாக அறிவித்தார். மூடின கண்டெய்னருக்குள் இருப்பதை எந்த அலைவரிசையும் பார்க்காது. திறந்த வெளியில் வளர்ந்துகொண்டே போகும் குவியலைப் பார்க்கும். ஜெஞ்சாரோம்காரர்களின் மூக்குக்குத் துணையாக அப்படி ஒரு படவரிசை அப்போதே யார் கையிலாவது இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அ. ரெங்கசாமியின் நாவல் ஒன்றுக்கு 'லங்காட் நதிக்கரை' என்று பெயர். நம் எழுத்தாளர் அந்த ஆற்றைக் கரையோடு சேர்த்தேதான் பெயரிட்டார். எங்கள் படங்களில் கரை என்பது தொல்லை. ஆற்றை மட்டும் வெட்டியெடுக்க 'நீர் முகமூடி' என்று ஒன்றை முதலில் போடுவோம். கரையில் இருப்பதெல்லாம் கறுப்பாகிவிடும். வீடு, தோட்டம், கோயில், பாலம் எல்லாம் பூஜ்யம். கடைசியில் குற்றவாளி தேவைப்படும்போதுதான் முகமூடியை எடுப்போம்.

எங்கள் பழைய கம்பத்துக்கு வருகிறேன். மாமா குடும்பம் அங்கே இருபது வருடம் இருந்துவிட்டு, நான் இடைநிலைப்பள்ளியில் இருக்கும்போதே அடுக்குமாடிக்கு மாறிவிட்டது. மிச்சமிருந்த வீடுகள் என் ஆய்வேடு முடிந்து இரண்டு வருடம் கழித்து எடுக்கப்பட்டன. என் ஸ்லைடுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. என் ஆய்வேட்டை நூலகத்தில் யாரும் புரட்டியிருக்கக்கூட மாட்டார்கள். ஆனால் கதவுகளில் ஒட்டப்பட்ட நோட்டீசில் இருந்த காரணமும் என் ஸ்லைடில் இருந்த காரணமும் ஒன்று: ஆற்றை அசுத்தப்படுத்துதல். மாமா நோட்டீசைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். கூட ஒன்றும் எழுதவில்லை.

அன்று இரவு பழைய நிரலை எடுத்தேன். பாஸ்வேர்டெல்லாம் மறந்துபோய், பாதி நூலகத் தொகுப்புகள் காலாவதியாகி, ஓடவைப்பதற்கே விடிந்துவிட்டது. அப்போது ஒரு வரைபடம் கிடைத்தது, பழையது போலவே. வீடுகள் எடுக்கப்பட்ட பிறகு மறுபடி ஓடவிட்டேன். கூரைகள் இருந்த இடத்தில் செம்மண். சில மாதங்கள் கழித்து எடுத்த படத்தில் அந்தச் செம்மண்மேல் புல். மேகம் இல்லாத ஒவ்வொரு காலையிலும், பதினொன்றரை மணிக்கு, தடுப்பின் ஓரத்தில் அதே ஏழெட்டு சதுரங்கள் சிவப்பாகவே இருந்தன.

என் முடிவைத் தப்பு என்று நிரூபித்ததும் அதே செயற்கைக்கோள்தான். அது ஒவ்வொரு முறையும் வந்து, பார்த்து, போட்டுவைத்துவிட்டுப் போயிருக்கிறது. அவசரம் எனக்குத்தான் இருந்தது. ஒரே ஒரு படத்தை வைத்து ஆளைக் காட்டினேன். வரிசையாக வைத்துப் பார்த்திருந்தால் காட்டியிருக்க மாட்டேன். திருத்தம் சேர்க்க முடியுமா என்று கேட்டு மின்னஞ்சல் போட்டேன். மதிப்பெண் ஏற்கெனவே பதிவாகிவிட்டது, மாற்ற வேண்டிய அவசியமில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. பதினேழாவது ஸ்லைடு இன்னும் அப்படியே இருக்கிறது.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை வேலையிலிருந்து சீக்கிரம் கிளம்பினேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. மாமா சொன்ன நடைபாலத்தில் போய் நின்றேன். அவர் வேலை முடிந்து, ஈரச் சட்டையோடு, தே ஓ பொட்டலத்தை உறிஞ்சிக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றார். பாலத்தைக் கைப்பிடிக் கம்பிகளை வைத்து ஐந்தாகப் பிரித்துக்கொண்டேன். முதல் பகுதி, இரண்டு நிமிடம். போத்தல், போத்தல், பாலித்தீன், ஸ்டைரோஃபோம் பெட்டி, போத்தல், ஒற்றைச் செருப்பு. பாலித்தீன்கள் பாதி தண்ணீருக்குள் முங்கி வந்தன. அவற்றை எந்த வானத்திலிருந்தும் பார்க்க முடியாது. பாலத்திலிருந்தே சிரமம். நாலாவது பகுதிக்கு வரும்போது வேகம் கூடிவிட்டது, எண்ணிக்கை நூறைத் தாண்டி எங்கோ விட்டுப்போனது.

அப்போது ஒரு மெத்தை வந்தது. இரட்டைக் கட்டில் மெத்தை, உறை கிழிந்து, மேலே ஒரு கொத்து ஆகாயத்தாமரை, அதில் நாலைந்து போத்தல்கள் சொருகி, பயணி மாதிரி வந்தது. நான் பேனாவை எடுத்துக்கொண்டு யோசித்தேன்.

"என்னடா நிறுத்திட்ட?"

"இதை எப்படி எண்ணுறது மாமா? ஒன்னா, ஆறா?"

மாமா எட்டிப் பார்த்தார். அது பாலத்துக்குக் கீழே போய், மறுபக்கம் வெளியே வந்து, தடுப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"நாளைக்கு அதைத் தூக்கப்போறது நான். ஒன்னுன்னு போடு."